கடல் இரைச்சல் பற்றி வினா எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வினாத்தாள் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். பத்தியைப் படித்து முடிவு காணச் சொல்லும் தர்க்க வினாக்களில் கடல் ஒலி மாசும் திமிங்கலங்களும் அடிக்கடி வருகின்றன. அந்தத் தலைப்பை நீங்கள் எடுப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. வெளிச்சம் சில நூறு மீட்டருக்குள் மங்கிப்போகும் கடலில், நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் வேகத்தில் ஓடும் ஒலிதான் பல உயிர்களுக்குக் கண்ணாக இருக்கிறது. இரை தேடுவதும் துணை தேடுவதும் குட்டியை அழைப்பதும் அதை வைத்துத்தான். இதை மாணவர்கள் தேர்வு அறையிலாவது படிக்கிறார்களே என்று நினைப்பேன்.

என் குறை தெரிவுகளைப் பற்றியும் விடைக்குறிப்பைப் பற்றியும்தான். உலகத்தில் உண்மையாக இருக்கும் கூற்று வேறு, கொடுத்த பத்தியிலிருந்து பெறக்கூடிய கூற்று வேறு. பயிற்சி நூல்கள் பலவற்றில் இந்த இரண்டும் கலந்து கிடக்கின்றன. உருக்கமாகப் பேசும் தெரிவுக்கு மதிப்பெண் போய்விடுகிறது. அளந்து பேசும் தெரிவை நம்பித் தேர்ந்தெடுத்த மாணவர் பூஜ்யம் வாங்குகிறார்.

ஒரு பத்தியைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் சில நாட்கள் கப்பல் போக்குவரத்து குறைந்தது. கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் நீரடி இரைச்சல் 6 டெசிபல் இறங்கியது. அதே காலத்தில் அங்கே சேகரித்த வட அட்லாண்டிக் ரைட் திமிங்கலங்களின் கழிவில் மன அழுத்த ஹார்மோனின் அளவும் குறைந்திருந்தது. 2012-இல் வெளியான ஆய்வு இது. இதன் கீழ் வழக்கமாக இப்படி நான்கு தெரிவுகள் இருக்கும்: (அ) கப்பல் இரைச்சல் திமிங்கலங்களைக் கொல்கிறது, (ஆ) கப்பல் இரைச்சலுக்கும் இந்தத் திமிங்கலங்களின் உடல் அழுத்தத்துக்கும் தொடர்பு இருக்கக்கூடும், (இ) இரைச்சல் எல்லாக் கடல் உயிர்களையும் பாதிக்கிறது, (ஈ) கப்பல்களை நிறுத்தினால் திமிங்கலங்களின் எண்ணிக்கை பெருகும்.

(அ) எவ்வளவு பேரை இழுக்கிறது என்று வகுப்பில் பார்க்கிறேன். கப்பல்கள் இந்தத் திமிங்கலங்களைக் கொல்வது உண்மைதான், ஆனால் மோதிக் கொல்கின்றன. கப்பல் மோதலும் மீன்பிடிக் கயிற்றில் சிக்குவதுமே இவற்றின் சாவுக்கு முக்கியக் காரணங்கள் என்பது பதிவான செய்தி. மாணவர் வெளியிலிருந்து தெரிந்துகொண்ட ஒன்றைப் பத்திக்குள் கொண்டுவந்து ஒட்டிவிடுகிறார். (இ) ஒரே இனத்தின் ஓரிடச் செய்தியை எல்லா உயிர்களுக்கும் நீட்டுகிறது. (ஈ) ஹார்மோன் அளவிலிருந்து எண்ணிக்கைக்குத் தாவுகிறது; நடுவில் இருக்க வேண்டிய படி எதுவும் பத்தியில் இல்லை. மிஞ்சுவது (ஆ). "இருக்கக்கூடும்" என்று முடிவதால் அதைச் சப்பென்று இருப்பதாகக் கருதி மாணவர்கள் ஒதுக்குகிறார்கள். அந்தச் சொல்தான் அந்தத் தெரிவின் பலம் என்பதை விடை விளக்கம் எழுதுபவர்கள் ஏன் ஒரு வரியில்கூடச் சொல்வதில்லை?

இதைவிட என்னை வருத்துவது வேறொன்று. அந்த ஆய்வின் உயிர்நாடியான செய்தியைப் பத்தியைச் சுருக்கும்போது வெட்டிவிடுகிறீர்கள். ஆய்வாளர்கள் 2001-இல் மட்டும் முன்னும் பின்னும் பார்த்து நிறுத்தவில்லை. அடுத்து வந்த ஆண்டுகளிலும் அதே பருவத்தில் கழிவைச் சேகரித்து ஒப்பிட்டார்கள். அந்த ஆண்டுகளில் செப்டம்பர் 11-க்குப் பின் இப்படி ஓர் இறக்கம் இல்லை. இந்த வரி இருந்தால், "பருவம் மாறியதால் ஹார்மோன் இறங்கியிருக்கலாமே" என்று கேட்கும் மாணவருக்குப் பத்தியே பதில் சொல்லும். இந்த வரி இல்லாவிட்டால் அவர் கேட்டது நியாயமான கேள்வி; அப்படிக் கேட்டதற்காக அவர் மதிப்பெண் இழப்பது அநியாயம். அந்த வரி இருந்தாலும், குறைந்தது இரைச்சல் மட்டுமா, கப்பல்களின் நடமாட்டமும்தானே என்ற கேள்வி மிச்சம் இருக்கும். நல்ல வினா ஒன்று அங்கேயே காத்திருக்கிறது: "பின்வருவனவற்றில் எது இந்த முடிவைப் பலவீனப்படுத்தும்?"

டெசிபல் கணக்கிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். 6 டெசிபல் என்பது சின்ன எண்ணாகத் தெரிவதால், "இரைச்சல் சற்றே குறைந்தது" என்று ஒரு தெரிவு வந்து உட்கார்ந்துகொள்கிறது. டெசிபல் மடக்கை அளவு; அதாவது எண் கொஞ்சம் மாறினாலும் ஒலி பல மடங்கு மாறும். 6 டெசிபல் இறங்கினால் ஒலியின் செறிவு ஏறத்தாழ நான்கில் ஒன்றாகிவிடும். அதேபோல், கடலில் அளந்த டெசிபலைக் காற்றில் அளந்ததோடு நேரடியாக ஒப்பிட்டு, "இது ஜெட் விமானத்தைவிடச் சத்தம்" என்று முடிவுகட்டும் தெரிவும் வருகிறது. டெசிபலைக் கணக்கிட ஒப்பாக எடுக்கும் அடிப்படை அழுத்தம் காற்றில் 20 மைக்ரோபாஸ்கல், நீரில் 1 மைக்ரோபாஸ்கல். ஊடகமும் வேறு. ஒரே செறிவுள்ள ஒலிக்கு நீரில் காட்டும் எண் ஏறத்தாழ 62 டெசிபல் கூடுதலாக இருக்கும். இதைச் சொல்லாமல் ஒப்பிடச் சொல்வது மாணவரைக் குழிக்குள் தள்ளுவது.

அடுத்து சோனார், அதாவது ஒலியை அனுப்பி அதன் எதிரொலியால் நீருக்கடியில் இருப்பதைக் கண்டறியும் கருவி. 2000 மார்ச்சில் பஹாமாஸ் தீவுகளில், பெரும்பாலும் அலகுத் திமிங்கல (பறவை அலகுபோல் நீண்ட வாயுள்ள திமிங்கல) வகையைச் சேர்ந்த 17 விலங்குகள் கரை ஒதுங்கின. அமெரிக்கக் கடற்படையின் சோனார்தான் பெரும்பாலும் காரணம் என்று கடற்படையும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையே 2001-இல் ஏற்றுக்கொண்டது. இதை வைத்து, "திமிங்கலம் கரை ஒதுங்கினால் அருகில் சோனார் இயங்கியிருக்கும்" என்ற கூற்றைச் சரியென்று குறிப்பது தர்க்கத்தின் பாலபாடத்தையே மீறுவது. நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். ஆனால் கரை ஒதுங்குதல் ஒரே நெருப்பிலிருந்து வரும் புகை இல்லை. நோய், ஆழமற்ற கரை, கூட்டமாக ஒன்றைப் பின்தொடரும் பழக்கம் என்று பல காரணங்கள் உண்டு. சோனார் கண்டுபிடிக்கப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே திமிங்கலங்கள் கரை ஒதுங்கியிருக்கின்றன.

இங்கேயும் அருமையான வினா இருக்கிறது. 2002-இல் கேனரித் தீவுகளில் கடற்படைப் பயிற்சியின்போது அலகுத் திமிங்கலங்கள் கரை ஒதுங்கின. இறந்தவற்றின் உடலில் வாயுக் குமிழ்களால் ஏற்பட்ட சேதம் தெரிந்தது. 2004-இல் ஸ்பெயின் அந்தத் தீவுகளைச் சுற்றி சோனாருக்குத் தடை விதித்தது. அதன்பின் அங்கே அப்படிப்பட்ட கூட்ட ஒதுங்கல் நிகழவில்லை என்று 2013-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். முதல் மூன்று செய்திகளைப் பத்தியில் கொடுத்து, கடைசிச் செய்தியை முடிவை வலுப்படுத்தும் தெரிவாக வையுங்கள். காரணத்தை நீக்கினால் விளைவும் நிற்கிறதா என்று பார்க்க மாணவர் அதில் பழகுவார்.

எதிர்த் திசையில் போகும் பிழையையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "கப்பல் வந்தபோது விலங்குகள் விலகிச் செல்லவில்லை" என்று பத்தி சொன்னால், "ஆகவே பாதிப்பு இல்லை" என்பதைச் சரியான விடையாகக் கொடுக்கிறார்கள். இரை கிடைக்கும் இடத்தை விட்டுப் போக வழியில்லாமல் இரைச்சலைச் சகித்துக்கொண்டும் இருக்கலாம். ஓர்க்கா திமிங்கலங்கள் இரைச்சல் கூடும்போது இடத்தைவிட்டு ஓடாமல் தங்கள் குரலை உயர்த்திக் கத்துவது அளந்து பதிவான ஒன்று. பாதிப்பு நிரூபிக்கப்படவில்லை என்பதும் பாதிப்பு இல்லை என்பதும் ஒன்றல்ல. இதைக் குழப்பும் விடைக்குறிப்பு எனக்கு (அ)-வைவிடக் கவலை தருகிறது. ஏனென்றால், நாளை கடலுக்குள் தூண் அடிக்கலாமா, அழுத்திய காற்றைப் பீறிடவிட்டுப் பேரொலி எழுப்பும் காற்றுத் துப்பாக்கியை வெடித்து எண்ணெய் தேடலாமா என்று கோப்பில் கையெழுத்திடப் போகிறவர்களில் சிலர் இந்தத் தேர்வு எழுதித்தான் அங்கே போவார்கள்.

ஆகவே என் வேண்டுகோள்கள். பத்தியைச் சுருக்கும்போது ஒப்பீட்டு வரியை வெட்டாதீர்கள். எந்த இனம், எந்த இடம், எத்தனை நாள் என்பதை விட்டுவிடாதீர்கள். விடைக்குறிப்போடு, மற்ற மூன்று தெரிவுகள் ஏன் தவறு என்பதற்குத் தலா ஒரு வரி விளக்கமும் வெளியிடுங்கள். கடைசியாக, "கொடுத்த தகவலிலிருந்து முடிவு சொல்ல இயலாது" என்ற தெரிவு. இடத்தை நிரப்பத்தான் அது வைக்கப்படுகிறது என்று மாணவர்கள் தெரிந்துவைத்திருக்கிறார்கள், படிக்காமலே தாண்டிப்போகிறார்கள். அடுத்த வினாத்தாளில் ஒரு கடல் இரைச்சல் வினாவுக்காவது அதுவே சரியான விடையாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
அனுமான வினாக்களைச் சொல்லிக்கொடுக்கும் ஓர் ஆசிரியர்