அப்பாவின் தப்புப் பறையைக் காய்ச்சித் தந்தவருக்கும், தோள் கொடுத்த அனைவருக்கும்

தேயிலைத் தோட்டத்து உறவுகளுக்கும், தலவாக்கலை டவுன் மக்களுக்கும், ஆற்றுக்கு அப்பால் உள்ள கிராமத்துச் சிங்களச் சகோதரர்களுக்கும் வணக்கம்.

அப்பாவுக்கு இன்னும் கருமாதி கூட ஆகவில்லை. கொஞ்சம் பொறுத்து எழுதலாமே என்றான் தம்பி. எனக்குப் பொறுக்கவில்லை. மனம் ஆறிய பிறகு எழுதினால் சொற்கள் ஒழுங்காக வரும், ஆனால் இப்போது தொண்டையில் நிற்பது வராது. அந்த மழை வாரத்தைப் பற்றி உங்களிடம் நான் என்ன சொல்ல? நீங்களும் வீடுகளை விட்டு வந்து அந்தப் பாடசாலை மண்டபத்தில்தான் எங்களோடு படுத்திருந்தீர்கள். அப்பாவின் மூச்சு அடங்கியபோது என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது யார் என்றுகூட எனக்குத் தெரியாது. அந்தக் கைக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

முதலில் பேக்கரி நானாவுக்கு, டவுனில் பேக்கரி நடத்தும் முஸ்லிம் அண்ணனுக்கு.

அப்பா கொஞ்சக் காலமாகவே எங்களிடம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். "என்னைத் தப்பு அடித்து அனுப்புங்கள். வேறு எதுவும் வேண்டாம்." அவர் கேட்டது பெரிய விஷயமே இல்லை. ஆனால் அந்த வாரத்தில் அதுதான் நடக்க முடியாத விஷயமாக இருந்தது. அவருடைய இரண்டு தப்புகளையும் தம்பி மகன் எங்கள் லயத்து வரிசை வீட்டிலிருந்து எப்படியோ தூக்கி வந்திருந்தான். தோல் ஈரம் குடித்துத் தொய்ந்து கிடந்தது. விரலால் சுண்டினால் சத்தமே எழவில்லை. மழைக்காலத்தில் அப்பா அடுப்படியில் காய்ந்த தேயிலைக் குச்சியான மிலாறு எரித்துத் தப்பைக் காய்ச்சுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த நாளில் காய்ந்த மிலாறு ஒரு கைப்பிடிகூட இல்லை. இருந்த ஒரே நெருப்பில் எல்லோருக்கும் சோறு வெந்துகொண்டிருந்தது. சமைத்துக்கொண்டிருந்த அக்காமார், "பானையை இறக்கி வைக்கிறோம், வாத்தியாருக்காக" என்றார்கள். அப்பாவைத்தான் எல்லோரும் வாத்தியார் என்பார்கள். பிள்ளைகள் பசியோடு உட்கார்ந்திருக்க, அதற்கு நான் எப்படிச் சம்மதிப்பேன்? தப்பு இல்லாமலே எடுத்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டோம்.

பிரேதப் பெட்டிக்காக டவுனுக்கு நடந்து போன தம்பி மகன், மனம் கேட்காமல் தப்புகளையும் தோளில் மாட்டிக்கொண்டு போயிருக்கிறான். பேக்கரி வாசலில் மழைக்கு ஒதுங்கியவனிடம் நானா விசாரித்திருக்கிறார். விஷயத்தைக் கேட்டதும் வேறு ஒரு பேச்சும் பேசவில்லையாம். "இங்கே வைத்துவிட்டுப் போ, காலையில் கொண்டுவருகிறேன்" என்று மட்டும் சொன்னாராம்.

அன்று இரவு என்ன செய்தார் என்பதைப் பேக்கரியில் வேலை செய்யும் பையன்தான் பிறகு சொன்னான். பாண் ரொட்டி எல்லாம் இறக்கிய பிறகு, போறணை அடுப்பின் வாய்க்கு எதிரே ஒரு பலகையை நிறுத்தி, அதில் தப்புகளைச் சாய்த்து வைத்திருக்கிறார். சூடு கூடினால் தோல் பிளந்துவிடும், குறைந்தால் ஈரம் இறங்காது. அதனால் வேலையாட்களைத் தூங்கச் சொல்லிவிட்டு, தானே மாச்சாக்கின் மேல் உட்கார்ந்து, முன்னும் பின்னும் திருப்பித் திருப்பி வைத்து, நகத்தால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே விடியவிடிய விழித்திருக்கிறார். தப்பு காய்ச்ச அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. மாவு பொங்குவதற்கு எவ்வளவு சூடு வேண்டும் என்று அறிந்த கை, தோலுக்கு எவ்வளவு வேண்டும் என்பதையும் தானே கண்டுபிடித்துக்கொண்டது.

காலையில் பஸ் ஏது? மாச்சாக்கில் சுற்றி, அதற்கு மேல் பொலித்தீன் சுற்றி, இரண்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேட்டுப் பாதையில் நடந்தே வந்தார். இன்னொரு கையில் ஒரு பெரிய பிஸ்கட் டின். திறந்து பார்த்தால் உள்ளே போறணைத் தணல், சாம்பல் மூடியபடி. "மயானம் வரைக்கும் நடக்க வேண்டுமே டீச்சர், வழியில் தோல் மறுபடியும் தொய்ந்துவிட்டால்?" என்றார். அது என் புத்திக்கு எட்டியிருக்கவில்லை. உண்மையிலேயே வழியில் இரண்டு இடத்தில் அந்தத் தணல்தான் உதவியது. ஊர்வலத்தில் கடைசி வரை குடையைத் தன் தலைக்குப் பிடிக்காமல் டின்னுக்குப் பிடித்துக்கொண்டு வந்தார்.

காசு கொடுக்கப் போன தம்பியை அவர் கடிந்துகொண்டார். "எங்கள் வாப்பாவின் மையத்து அன்று வாத்தியார் பள்ளிவாசலுக்கு வெளியே அடக்கம் முடியும் வரை நின்றவர்" என்றார். அப்பா இதை எங்களிடம் சொன்னதே இல்லை.

அப்பா எப்படிப்பட்டவர் என்பதை இளைய பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் எழுத வேண்டும். 1942 ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. அந்த ஆண்டுதான், பதினெட்டு வயதில், அவர் தொண்டராக இலங்கைப் பாதுகாப்புப் படையில் சேர்ந்தார். அங்கே பியூகிள் ஊதக் கற்றார். போர் முடிந்ததும் சீருடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மலைக்கு வந்தார். 1947 தேர்தலில், சி.வி. வேலுப்பிள்ளை தலவாக்கலையில் வென்ற அந்தத் தேர்தலில், முதன்முறையாக வாக்களித்தார். அடுத்த ஆண்டே மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. நாட்டைக் காக்க வா என்று கையெழுத்து வாங்கிக்கொண்ட நாடு, நீ எங்கள் ஆள்தானா, அத்தாட்சி காட்டு என்று கேட்டது. நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தந்த 1988ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் அவரால் மறுபடி வாக்குச் சாவடிக்குள் போக முடிந்தது. அதற்குள் தலை நரைத்துவிட்டது. எங்கள் மக்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு பெரியப்பா குடும்பம் கப்பல் ஏறியபோதும் அவர் அசையவில்லை. இதையெல்லாம் நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. அவருக்கு ஆத்திரம் வந்து நான் பார்த்ததில்லை. அவர் தப்பை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்.

திருவிழாவுக்கு ஓர் அடி, காமன் கூத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி. மூன்றையும் அவரிடம் படித்தவர்கள் இன்று கொழும்புக் கடைகளிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கிறார்கள். தப்பைத் தொட்டால் தீட்டு என்று பேசியவர்களின் வீட்டுப் பிள்ளைகளும் அவரிடம் வந்து படித்தார்கள். மாசியில் காமன் கம்பம் ஊன்றினால் பௌர்ணமியில் காமன் எரியும் வரைக்கும் அவர் வீட்டில் தங்கமாட்டார். ஆனால் எங்கள் பள்ளிக்கூட வேலை ஒருநாளும் தவறியதில்லை. அம்மா போனபோது நாங்கள் சின்னப் பிள்ளைகள். தோட்டப் பாடசாலை ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும் என்பதால் என்னை டவுன் பாடசாலையில் சேர்த்தார். விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்குப் போகுமுன் கரி இஸ்திரிப்பெட்டியில் என் வெள்ளைச் சீருடையைத் தேய்த்துவிடுவார். மடிப்பு கத்தி முனையாக நிற்கும். ரிப்பன் கட்டிச் சடை பின்னிவிட்டு, ஓர் அடி பின்னால் போய் நின்று, படையில் பரிசோதிப்பதுபோல மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார். நான் ஆசிரியை ஆனது அந்த மடிப்பினால்தான் என்று மாணவர்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

மற்ற அனைவருக்கும் தனித்தனியாக எழுத இடம் போதாது, மன்னியுங்கள். சரிந்த பாதையில் பெட்டியை ஒருவர் தோளிலிருந்து மற்றவர் தோளுக்கு மாற்றிச் சென்ற இளைஞர்கள், குழி வெட்டி அதில் ஊறிய நீரை இறைத்துக்கொண்டே இருந்தவர்கள், மண்டபத்தைத் திறந்துவிட்ட அதிபர், மரணப் பத்திரத்துக்காகச் சேற்றில் நடந்து வந்த கிராம சேவகர், மரண உதவிச் சங்கத்தார், ஆற்றைக் கடந்து அரிசியும் காய்ந்த உடுப்புகளும் அனுப்பிய கிராமத்தார், அக்காமார் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் கைகூப்பிய நன்றி. பாதையில் மண் அள்ளிக்கொண்டிருந்த இராணுவத்தினர் இயந்திரத்தை நிறுத்தி வழிவிட்டார்கள். பெரியவர் யார் என்று அவர்களில் ஒருவர் சிங்களத்தில் கேட்க, அவரும் உங்களைப்போல் படையில் இருந்தவர்தான் என்றான் தம்பி. அந்தப் படைவீரர் உடனே தொப்பியைச் சரிசெய்து விறைத்து நின்று மரியாதை செய்தார். பெயர் கேட்டுக்கொள்ளவில்லை. அவருக்கும் நன்றி.

இனி நான் செய்யப்போவதையும் எழுதிவிடுகிறேன், எழுதிவிட்டால் தட்டிக்கழிக்க முடியாது. பாடசாலை மறுபடி திறந்ததும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்பாவின் தப்புகள் மண்டபத்தில் இருக்கும். அவரிடம் படித்த இருவர் சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பெண் பிள்ளைகளும் வரலாம், வரவேண்டும். கட்டணம் கிடையாது. தப்பு காய்ச்ச விறகுச் செலவு என்னுடையது.

பதினாறாம் நாள் கருமாதி லயத்து முற்றத்தில், மழை பெய்தால் மண்டபத்தில். மரக்கறிச் சாப்பாடுதான். பேக்கரி நானா குடும்பத்தோடு வரவேண்டும். அன்று பாண் போடும் வேலை இருக்கிறது என்று சொன்னால், சோற்றைக் கட்டிக்கொண்டு நாங்களே போறணைக்கு வந்துவிடுவோம்.

நன்றியுடன்,
வாத்தியாரின் மூத்த மகள்