சேப்பாக்கத்து ஆட்டோகிராபுக்கு என்ன விலை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விளையாட்டு வீரர்களின் பொருள் எதுவும் பெரிய தொகைக்கு ஏலம் போனதாக உங்கள் நாளிதழில் செய்தி வந்தால், அன்று எங்கள் வீட்டில் என் பழைய ஆட்டோகிராப் நோட்டைப் பற்றிப் பேச்சு வந்துவிடும். 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் இந்தியா–ஆஸ்திரேலியா டெஸ்ட், இரண்டு அணிக்கும் ஒரே ரன் கணக்கில் ‘டை’ ஆனதே, அப்போது எட்டாம் வகுப்புப் பையனாக மைதான வாசலில் காத்துக் கிடந்து நிரப்பிய நோட்டு. அந்த வெயிலில் 210 ரன் அடித்துவிட்டு மருத்துவமனைக்குப் போன ஆஸ்திரேலிய வீரர் டீன் ஜோன்ஸின் கையெழுத்தும் அதில் இருக்கிறது. ஆன்லைன் ஏலத்தில் விட்டால் லட்சக்கணக்கில் போகும் மாமா என்கிறான் அக்கா மகன். போகாது.

எது உண்மையிலேயே அரிது என்பதை ஆன்லைன் ஏலம் காட்டிக் கொடுத்துவிட்டது. 1995ல் இபே என்ற ஆன்லைன் ஏலத் தளம் வருவதற்கு முன்பு அமெரிக்காவில் பேஸ்பால் அட்டை (வீரர் படம் அச்சடித்த சிறு அட்டை) சேர்ப்பவருக்குத் தெரிந்ததெல்லாம் உள்ளூர்க் கடையும் அச்சடித்த விலைப் புத்தகமும்தான். தன் ஊரில் வேறு யாரிடமும் இல்லாத அட்டையை அபூர்வம் என்று நம்பிப் பூட்டி வைத்திருந்தார். அதே அட்டை நூற்றுக்கணக்கில் திரையில் வரிசைகட்டி நின்றபோது விலை சரிந்தது. 80களின் கடைசியிலும் 90களிலும் அச்சடித்துக் குவித்த அட்டைகளைப் பெட்டி பெட்டியாக வைத்திருப்பவர்களுக்கு இன்று கிடைப்பது சில்லறைதான். ஆனால் 1952ல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட, பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் அட்டை ஒன்று, 1991ல் 50,000 டாலருக்கு வாங்கியது, 2022ல் 1.26 கோடி டாலருக்குப் போனது. அந்த வரிசையில் விற்காமல் தேங்கிய அட்டைகளை 1960ல் கடலில் கொட்டியதாக அந்த நிறுவனத்தில் வேலை பார்த்தவரே சொல்லியிருக்கிறார், அதனால்தான் அவ்வளவு தட்டுப்பாடு. ஜோன்ஸோ கேட்டவர்களுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டவர்.

கிரிக்கெட்டிலும் உச்சியில் இருப்பது மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. ஆஸ்திரேலியாவின் பிராட்மன் 1948ல் அணிந்த தொப்பி 2003ல் 4,25,000 ஆஸ்திரேலிய டாலருக்குப் போனது. 2020 ஜனவரியில் அதே நாட்டின் சுழற்பந்து வீரர் ஷேன் வார்னின் தொப்பி ஆன்லைன் ஏலத்தில் 10,07,500 டாலர். ஆஸ்திரேலியக் காட்டுத்தீ நிவாரணத்துக்காக விற்றது, ஒரு வங்கி வாங்கி பவுரலில் உள்ள பிராட்மன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தது, எனக்கு அதில் நிறைவுதான்.

எனக்குக் கோபம் வருவது போலிகள் மேல். சில வருடங்களுக்கு முன் நானே 18,000 ரூபாய் கொடுத்து ஆன்லைன் ஏலத்தில் ஒரு மட்டை எடுத்தேன், ஓர் அணியின் பதினொரு பேர் கையெழுத்தும் இருப்பதாகச் சொன்னார்கள், கடைசி நிமிடத்தில் யாரோ விலையை ஏற்ற ஏற்ற நானும் ஏற்றினேன். வந்தபிறகு பார்த்தால் பதினொன்றும் ஒரே பேனா, ஒரே சாய்வு. கூட வந்த சான்றிதழ் விற்றவரே அடித்துக் கொடுத்தது. திருவல்லிக்கேணி பழைய புத்தகக் கடையில் என்றால் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து, கடைக்காரரிடம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டுத்தான் காசை எடுப்போம். அமெரிக்காவில் 1999ல் எஃப்பிஐ பிடித்த போலிக் கும்பலிடம் அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால்கூட இருந்ததாம்! விலை கேட்பவர்களிலும் போலி உண்டு. 2020ல் வங்கதேச வீரர் முஷ்பிகுர் ரஹீம் தன் இரட்டைச் சத மட்டையை கொரோனா நிவாரணத்துக்காக ஆன்லைனில் ஏலம் விட்டபோது பொய்யான ஏலக் கேள்விகள் குவிந்து ஏலத்தையே நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று.

ஒழுங்காகச் செய்யவும் முடியும். மரடோனா 1986 உலகக் கோப்பை கால்பந்தில் இங்கிலாந்துக்கு எதிராக அணிந்த சட்டை 2022ல் ஆன்லைனில் 71 லட்சம் பவுண்டுக்குப் போனதே, அதை விற்ற ஸ்டீவ் ஹாட்ஜ் அந்த ஆட்டத்தில் இங்கிலாந்துக்கு ஆடியவர், ஆட்டம் முடிந்ததும் மரடோனாவிடம் நேரில் மாற்றிக்கொண்டவர். ஆனாலும் அது கோல் விழாத முதல் பாதியில் போட்டது என்று மரடோனாவின் மகள் மறுத்தார். சட்டையின் சின்னம், கோடுகள், எண் எல்லாவற்றையும் அன்றைய படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் கோல் அடித்தபோது அணிந்தது இதுவே என்று ஏல நிறுவனம் சொன்னது.

உங்களிடம் ஒரே வேண்டுகோள். தொகையைக் கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள், சரி, விற்றவருக்கு அந்தப் பொருள் எப்படி வந்தது, யார் எதை வைத்துச் சரிபார்த்தார்கள் என்று கூடவே இரண்டு வரி எழுதுங்கள். தொகையை மட்டும் படித்துவிட்டு முதல் மாதச் சம்பளத்தை இதில் போட்ட பையன்களை எனக்குத் தெரியும்.

அப்புறம் என் நோட்டு. ஒவ்வொரு கையெழுத்துக்குக் கீழேயும் தேதியையும் எந்த வாசலில் வாங்கியது என்பதையும் அன்றே பென்சிலில் குறித்து வைத்திருக்கிறேன். அதை அக்கா மகனுக்கே கொடுக்கப் போகிறேன். விற்பதானாலும் பக்கத்தைக் கிழிக்காமல் முழு நோட்டாகக் கொடு என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
திருவல்லிக்கேணி வாசகர், சென்னை - 5