யாரு சார் கைகட்டி நின்னது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல கிளியோபாட்ரா கட்டுரை படிச்சேன். படமெல்லாம் பிரமாதம், அந்தம்மாவுக்குப் பின்னாடி பிரமிடு வேற, பெரிய பிரமிடுக்கும் அவங்களுக்கும் நடுவுல கிட்டத்தட்ட 2500 வருஷம் இருக்குன்னு உங்களுக்குத் தெரியாததா, அழகுக்குப் போட்டிருப்பீங்க, விடுங்க. ஆனா "கிரேக்க மன்னர்களை எகிப்தியர் கைகட்டி ஏற்றுக்கொண்டனர்"னு ஒரு வரி இருக்கே, அதுதான் சுருக்குன்னுச்சு.

கி.மு. 217-ல சிரியா ராஜாவோட நடந்த ராஃபியா சண்டைக்கு ஆள் பத்தாம நாலாம் டாலமி (எகிப்தை ஆண்ட கிரேக்க வம்சத்து ராஜா, கிளியோபாட்ராவோட முன்னோர்) 20,000 எகிப்துக்காரங்க கையில ஈட்டியைக் கொடுத்து கிரேக்க பாணியில பழக்கினாரு. சண்டையும் ஜெயிச்சாச்சு. அப்புறம் அவங்க எப்படி பழையபடி அடங்கிக் கிடப்பாங்க? பழைய வரலாற்று ஆசிரியர் பாலிபியஸே இதை எழுதி வச்சிருக்காரு, அவரு கிரேக்கர்தான். கி.மு. 205 வாக்குல தெற்குல தீப்ஸ் பக்கம் ஹோர்வென்னெஃபர்னு ஒருத்தர் நான்தான் ஃபாரோ, எகிப்து ராஜான்னு கிளம்பிட்டாரு, அடுத்து அங்க்வென்னெஃபர் (ரெண்டும் ஒரே ஆளு, பேரை மாத்திக்கிட்டாருன்னு சொல்றவங்களும் இருக்காங்க), கி.மு. 186-ல பிடிபடுற வரைக்கும் விடலை. டாலமி ராஜாக்கள் தெற்குல எட்ஃபு ஊர்ல கோயில் கட்டுற வேலையே நின்னு போச்சு.

சும்மா நாலு பேரு கூடி கத்தினதுன்னு நினைச்சிடாதீங்க. தீப்ஸ்ல எழுதின பத்திரங்கள்ல தேதியே இவங்க ஆட்சியில இத்தனாவது வருஷம்னுதான் போட்டிருக்கு. நான் பத்திரம் எழுதியே பொழைக்கிறவன் சார். தேதியில ஒரு எண் மாறினா ஆபீஸ்ல திருப்பி அனுப்பிடுவாங்க, பார்ட்டி என் சட்டையைப் பிடிப்பான். காசு கொடுத்து வாங்குறவன் செல்லாத ராஜா பேரைப் போட விடுவானா? அந்த ஊர்ல அன்னிக்கு யாரு ராஜான்னு சொல்ல இதை விட என்ன சாட்சி வேணும்?

ரொசெட்டா கல்லைப் பத்தி எத்தனை தடவை போட்டிருக்கீங்க, எல்லாம் அதை வச்சு எகிப்தோட பழைய பட எழுத்தை எப்படிப் படிச்சாங்கன்ற கதைதான். அதுல என்னதான் எழுதியிருக்குன்னு ஒரு தடவையாவது சொன்னீங்களா? கி.மு. 196-ல பூசாரிங்க அஞ்சாம் டாலமிக்குப் பாடின புகழ்பாட்டு அது, வடக்குல நைல் டெல்டாவுல லைக்கோபோலிஸ் ஊரை முற்றுகை போட்டு கலகக்காரங்களை அழிச்சதை அவ்வளவு பெருமையா சொல்லியிருக்காங்க. கோயிலுக்கு வரிச்சலுகை கிடைச்சுது, பாடிட்டாங்க. அப்பக்கூட தெற்குல அங்க்வென்னெஃபர் பிடிபடலை, இன்னும் பத்து வருஷம் தண்ணி காட்டினாரு.

உங்களுக்கு ராஜான்னா அலெக்சாண்டர்தான். வாரக்கணக்குல தொடர் போட்டீங்க, அதுக்கு நான் ஒரு முழுப் பக்கம் எழுதினேன், நீங்க அதுல "லேஅவுட் நன்றாக இருந்தது"ன்ற வரியை மட்டும் பிரசுரம் பண்ணி என்னைப் பாராட்டுக் கடிதக்காரன் ஆக்கிட்டீங்க. குறுக்கெழுத்துப் போட்டியில என் பேரு வந்துச்சு, பரிசுப் புத்தகம் இன்னும் வந்துக்கிட்டேதான் இருக்கு. சந்தா முடியப் போகுதுன்னு சொல்ற கார்டு மட்டும் கரெக்டா வருது.

பெரிசா ஒண்ணும் கேக்கலை. அடுத்த இதழ்ல மூணே வரி, ஹோர்வென்னெஃபர், அங்க்வென்னெஃபர், கி.மு. 205 முதல் 186 வரைன்னு எழுத்துப்பிழை இல்லாம போட்டா போதும். இடம் இல்லைன்னு சொல்லிடாதீங்க, ராசிபலன் பக்கத்துல கும்பத்துக்கும் மீனத்துக்கும் நடுவுல காலியாத்தான் இருக்கு, பார்த்தேன்.

இப்படிக்கு,
பல வருஷ சந்தாதாரர்,
பத்திர எழுத்தர்.