எந்தக் கட்டத்திலும் அடங்காத ஆய்வு: நிதிக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆய்வு நிதிக் குழுக்களின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். காடுகளைக் காக்கும் விதிகள் பற்றிய என் ஆய்வுக்கு நிதி கேட்டதற்கு, இந்த முறையும் ஒற்றை வரியில்தான் பதில்: "முன்மொழிவு எங்கள் துறை வரம்புக்குள் வரவில்லை." உயிரினம் பற்றிய கேள்வி குறைவு, சமூக அறிவியலுக்கு அனுப்புங்கள் என்றது சூழலியல் குழு. அனுப்பினேன். இது காடு பற்றியது, சூழலியலாரிடம் கொடுங்கள் என்கிறார்கள் அவர்கள். இரு தரப்பும் ஆய்வில் ஒரு குறையும் சொல்லவில்லை. படித்தார்களா என்பதே என் ஐயம்.

நான் ஆராய்வது விதிகளை. ஒரு காட்டுக்கு எல்லை போடும்போது முடிவெடுப்பவர் யார், யாருடைய மேய்ச்சல் நிலம் உள்ளே போகிறது, காவலருக்குச் சம்பளம் ஒழுங்காக வருகிறதா, அபராதம் யாரிடம் வசூலாகிறது. இவை சரியில்லை என்றால் வரைபடத்தில் மட்டும்தான் சரணாலயம் இருக்கும், உங்களுக்குத் தெரியாததல்ல. 2022 டிசம்பரில் கனடாவின் மான்ட்ரியலில் பல்லுயிர் மாநாட்டுக்குக் கூடிய நாடுகள், 2030க்குள் நிலத்திலும் கடலிலும் 30 விழுக்காட்டைக் காப்பதென ஒப்புக்கொண்டன. பழங்குடிகள், உள்ளூர் மக்களின் உரிமையை மதித்தே அதைச் செய்ய வேண்டும் என்பதும் அதே இலக்கில் இருக்கிறது. பரப்பை அளக்கச் செயற்கைக்கோள் உண்டு. உரிமை மதிக்கப்பட்டதா என்பதை ஊருக்குள் போய் உட்கார்ந்துதான் கேட்க வேண்டும். அதற்குத்தான் உங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

எலினார் ஆஸ்ட்ரம் அரசறிவியல் படித்தவர். பொதுவளங்களை மக்கள் தாங்களே விதி வகுத்துக் காப்பதை ஆராய்ந்ததற்காக 2009இல் பொருளாதார நோபலைப் பகிர்ந்துகொண்டார். உங்கள் படிவத்தில் அவர் எங்கே டிக் போட்டிருப்பார்?

கேட்பது பெரிதல்ல. இரு துறைக்கும் நடுவில் நிற்கும் முன்மொழிவு வந்தால், இரண்டும் தெரிந்த ஒருவரையாவது மதிப்பீட்டில் உட்கார வையுங்கள்.

ஓராண்டு, ஈராண்டு ஆய்வு ஒப்பந்தங்களைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அனுமதி கிடைத்து, ஊர்க்காரர்கள் நம்பிப் பேசத் தொடங்கும்போது ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது. பிறகு வேறொருவர் வந்து அதே கேள்விகளை முதலிலிருந்து கேட்பார். அவர்களும்தான் எத்தனை பேருக்குப் பதில் சொல்வார்கள்? அதிகாரிகள் எடுத்துப் பயன்படுத்தும் கொள்கைக் குறிப்புக்கு உங்கள் மதிப்பெண் பட்டியலில் சுழியம். மூன்று பேர் படிக்கும் கட்டுரைக்கு முழு மதிப்பெண். மாநாட்டு மேடையிலோ "பல்துறை ஆய்வே எதிர்காலம்" என்று முழங்குகிறீர்கள். கீழே உட்கார்ந்து நாங்களும் கைதட்டுகிறோம், அடுத்த விண்ணப்பம் உங்களிடம்தானே வர வேண்டும்!

பொறுத்தருள்க, பேச்சு எங்கோ போய்விட்டது. அடுத்த சுற்றுக்கு முன், இரண்டு துறையும் அறிந்த ஒரு மதிப்பீட்டாளரைக் குழுவில் சேர்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அவர் படித்துவிட்டு வேண்டாம் என்றால் ஏற்றுக்கொள்கிறேன். உறுப்பினர்கள் எந்தெந்தத் துறையினர் என்பதை அறிவிப்பிலேயே வெளியிட்டால், விண்ணப்பிக்கலாமா வேண்டாமா என்று நாங்களும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்வோம்.

இப்படிக்கு,
காப்புக் கொள்கை ஆய்வாளர் ஒருவர்