சமூக ஊடகமும் மாணவர் சிந்தனையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமூக ஊடகங்கள் பல்கலைக்கழக மாணவர்களின் சிந்தனையை மழுங்கடித்துவிட்டன என்று மேடைதோறும் பேசப்படுகிறது. பல ஆண்டுகளாகப் புள்ளியியல் கற்பித்து வரும் எனக்கு இதை முழுமையாக ஏற்க இயலவில்லை.

சென்ற பருவத்தில் இரண்டாமாண்டு மாணவர் ஒருவர், தம் கைப்பேசிக்கு வந்த பட்டை வரைபடம் ஒன்றை வகுப்பில் காட்டினார். ஒரு பட்டை மற்றதைவிட மூன்று மடங்கு உயரமாக இருந்தது. அதை அவர் ஏற்கெனவே சில குழுக்களுக்கு அனுப்பியும் விட்டார். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னேன். இடப்பக்க அளவுகோல் பூஜ்யத்தில் அல்ல, 50-இல் தொடங்கியிருந்தது; ஒப்பிடப்பட்ட எண்களோ 52-உம் 56-உம்தான். பூஜ்யத்திலிருந்து குறிப்பேட்டில் வரைந்தபோது இரண்டு பட்டைகளும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நின்றன. இதே பிழை வினாத்தாளில் வந்திருந்தால் அவர் நொடியில் பிடித்திருப்பார். விரலால் தள்ளிக்கொண்டே போகும் திரையிலும் அந்த அறிவுக்கு வேலை உண்டு என்பதை நாங்கள்தான் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

படித்தவர்கள் எல்லோருக்கும் உள்ள குறை இது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றறிஞர்கள் 10 பேரும் மாணவர்கள் 25 பேரும் இணையப் பக்கத்தின் தோற்றத்தையும் சின்னத்தையும் நம்பிப் பலமுறை ஏமாந்தனர். உண்மை சரிபார்ப்பாளர்கள் 10 பேரோ அந்தப் பக்கத்தில் நெடுநேரம் தங்காமல், அதை வெளியிட்டவர் யார், மற்றவர்கள் அவரைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று வேறு பக்கங்களில் தேடிச் சரியான முடிவுக்கு விரைவில் வந்தனர். இந்தப் பழக்கத்தைச் சில வகுப்புகளிலேயே கற்பித்துவிடலாம்.

படைப்புத் திறனுக்கும் இப்படிச் சரிபாராமல் பகிர்வதற்கும் தொடர்பு இல்லை என்று பலர் கருதுகின்றனர். 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய செய்திகளை ஆராய்ந்து 2018-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு, பொய்ச் செய்திகள் மறுபகிர்வு பெறும் வாய்ப்பு உண்மைச் செய்திகளைவிட 70 விழுக்காடு அதிகம் என்று கண்டது. அவற்றின் புதுமையே அதற்குக் காரணமாகலாம் என்றும் கூறியது. புதியதை நாடும் இந்த மனம்தான் கதை எழுதவும் கருவி செய்யவும் மாணவரைத் தூண்டுகிறது என்பதால், அதைக் குறை கூறுவது முறையன்று. பிறர் செய்த புதுமையைக் கடத்துவதோடு அது நின்றுவிடுகிறதே என்பதுதான் என் கவலை.

மேற்சொன்ன மாணவர், பட்டை வரைபடங்கள் எப்படியெல்லாம் ஏமாற்றுகின்றன என்று அடுத்த வாரமே ஒரு நிமிடக் காணொளி தயாரித்து, முதலில் தவறாக அனுப்பிய அதே குழுக்களுக்கு அனுப்பினார். அதற்கு மதிப்பெண் வழங்க எங்கள் அகமதிப்பீட்டில் இடமில்லை. மனப்பாடக் கட்டுரை ஒன்றையேனும் குறைத்து, சரிபார்ப்புக்கும் இத்தகைய ஆக்கங்களுக்கும் பாடத்திட்டக் குழுக்கள் இடமளிக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
புள்ளியியல் பேராசிரியர் ஒருவர்