சாலை போட்டவர்கள் சரி, சாலையோரத்தில் குடியிருந்தவர்கள்?

மதிப்பிற்குரிய சமூக அறிவியல் பாடநூல் குழுவினருக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வின் ஐந்து மதிப்பெண் கேள்வியைப் பற்றி ஏற்கெனவே உங்களுக்கு எழுதினேன், நீங்களும் பதில் அனுப்பினீர்கள். விவரம் உங்களுக்குத் தெரியும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். "ரோமானியச் சாலைகளின் விளைவுகளை விளக்குக" என்பது கேள்வி. படைகள் விரைந்து சென்றன, வணிகம் வளர்ந்தது, அஞ்சல் நடந்தது, பேரரசு ஒன்றுபட்டது, ரோமானியப் பண்பாடு பரவியது என்று உங்கள் விடைக்குறிப்பில் ஐந்து வரி. என் மாணவி ஒருத்தி முதல் நான்கையும் சரியாக எழுதிவிட்டு, ஐந்தாவதாக இப்படி எழுதியிருந்தாள்: "சாலைப் பக்கத்து ஊர்க்காரர்கள் போகிற வருகிற அதிகாரிகளுக்கு வண்டியும் கழுதையும் சாப்பாடும் கொடுக்க வேண்டியிருந்தது. தொல்லை தாங்காமல் பலர் ஊரை விட்டுப் போனார்கள்." அந்த இரண்டு வரியையும் சிவப்பு மையால் குறுக்கே அடித்து, ஓரத்தில் "தேவையற்றது" என்று எழுதி ஒரு மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறார்கள். திருத்தியவரைக் குறை சொல்லவில்லை. அவர் கையில் இருந்தது நீங்கள் கொடுத்த குறிப்பு.

உங்கள் பதிலில் இரண்டே வாக்கியங்கள். நூலில் உள்ள கருத்துகளுக்கே மதிப்பெண் வழங்கப்படும் என்பது ஒன்று. தங்கள் கோரிக்கை உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்பது இன்னொன்று. உரிய பிரிவு எது என்று தெரியாததால்தான் எல்லோரும் படிக்கும்படி இந்த மடலை எழுதுகிறேன்.

என் கோரிக்கை சின்னது. ரோமப் பேரரசு பாடத்தில் அந்தப் பேரரசின் கீழ் வாழ்ந்த சாதாரண ஊர்க்காரர்கள் பேசுவதாக ஒரு பக்கம் சேருங்கள், ஒரே ஒரு பக்கம். பேச ஆளில்லை என்று சொல்ல முடியாது. அவர்கள் எழுதிய மனு கல்லில் வெட்டப்பட்டு நமக்குக் கிடைத்திருக்கிறது.

ஸ்காப்டோபாரா என்பது திரேஸ் மாகாணத்தில் ஒரு கிராமம். இன்றைய பல்கேரியாவில், பிளாகோவ்கிராத் நகரம் இருக்கும் இடம். வெந்நீர் ஊற்று உள்ள ஊர். இரண்டு படை முகாம்களுக்கு நடுவில் இருந்தது, இரண்டு மைல் தள்ளி ஒரு பெரிய சந்தைத் திருவிழாவும் கூடும். இன்றைக்கு இப்படி ஓர் இடம் இருந்தால் மனை விலை எங்கேயோ போயிருக்கும். அந்த மக்களுக்கோ அதுவே வினையாகிப் போனது. கி.பி. 238இல் அவர்கள் பேரரசர் மூன்றாம் கோர்டியானுக்கு ஒரு மனு அனுப்பினார்கள்.

மனுவில் இருப்பது இதுதான். திருவிழாவுக்கு வருகிறவர்கள் அங்கேயே தங்குவதில்லை. பதினைந்து நாளும் எங்கள் ஊருக்கு வந்து இடம் கொடு, சாப்பாடு கொடு, அது கொடு, இது கொடு என்று வற்புறுத்துகிறார்கள், காசு கொடுப்பதில்லை. வேறெங்கோ அனுப்பப்பட்ட சிப்பாய்களும் தங்கள் வழியை விட்டு விலகி இங்கே வந்து அதையே செய்கிறார்கள். மாகாண ஆளுநர்களும் வெந்நீரில் குளிக்க வருகிறார்கள். அவர்களை வரவேற்பது எங்கள் கடமை, சரி, ஆனால் மற்றவர்களைத் தாங்க முடியவில்லை. பலமுறை ஆளுநரிடம் முறையிட்டோம். தொந்தரவு செய்யக் கூடாது என்று ஆணை போட்டார்கள். கொஞ்ச காலம் அடங்கியிருந்தது, அப்புறம் பழையபடி தொடங்கிவிட்டது. நிறைய வீடுகள் இருந்த ஊரில் இப்போது சில வீடுகளே மிச்சம். இப்படியே போனால் முன்னோர் கட்டிய வீடுகளை விட்டு நாங்களும் போய்விடுவோம், அப்போது உங்கள் கருவூலத்துக்குத்தான் நட்டம்.

அந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் கவனியுங்கள். எங்கள் பிள்ளைகள் பசியில் கிடக்கிறார்கள் என்று சொன்னால் ரோமில் யார் காதிலும் ஏறாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் வரி வராது என்று எழுதினார்கள். நாங்கள் நிம்மதியாக இருந்தவரை வரியை ஒழுங்காகக் கட்டினோம் என்பதையும் முன்கூட்டியே சொல்லி வைத்தார்கள். உங்கள் பொற்காலத்தில் கிராமங்கள் செழிக்க வேண்டும் என்று நீங்களே பலமுறை எழுதியிருக்கிறீர்களே என்று தொடக்கத்திலேயே மன்னரை அவர் வார்த்தையாலேயே மடக்கியும் பார்த்தார்கள். தாலுகா அலுவலக வாசலில் உட்கார்ந்து மனு எழுதித் தரும் எவருக்கும் இந்த நடை புரியும்.

இதற்கு வந்த பதில் இன்னும் சுவாரசியம். இது போன்ற புகாரை ஆளுநர் விசாரித்து முடிவு செய்ய வேண்டும், பேரரசரின் பதில் கடிதத்தில் திட்டவட்டமான தீர்வை எதிர்பார்க்கக் கூடாது என்று லத்தீனில் நாலு வரி. எந்த ஆளுநர்களின் ஆணை நிற்கவில்லை என்று சொல்லி மேலிடத்துக்குப் போனார்களோ, அதே ஆளுநரிடம் திரும்பப் போகச் சொன்னார்கள். ஊர்க்காரர்கள் அந்தப் பதிலோடு சேர்த்து மனு முழுவதையும் கல்லில் வெட்டி ஊரில் நிறுத்தினார்கள்.

அந்த ஆண்டில் பேரரசருக்கு வயது 13 என்பதைச் சொன்னபோது வகுப்பே சிரித்தது. என் எட்டாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களின் வயதும் அதுதான். பதிலை எழுதியது அலுவலர்களாகத்தான் இருக்கும் என்றும் சொன்னேன். "அப்போ அவர் கையெழுத்து மட்டும்தானா சார்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான். பாடத்தை நடத்தும்போது இப்படி ஒரு கேள்வி வருவது எவ்வளவு அபூர்வம் என்று உங்கள் குழுவில் வகுப்பறைக்குப் போயிருக்கிறவர்களுக்குத் தெரியும்.

"ஒரு கிராமத்துப் புகாரை வைத்துப் பேரரசையே எடை போடலாமா?" என்று உங்களில் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இது ஒரு ஊரின் கதை அல்ல. இதற்கு 200 ஆண்டுகளுக்கும் மேல் முன்னால், பேரரசர் டைபீரியஸ் ஆட்சியின் தொடக்கத்தில், இன்றைய துருக்கியின் தென்மேற்கில் இருக்கும் சாகலஸஸ் ஊருக்காக ஆளுநர் ஒருவர் போட்ட ஆணையும் கல்லில் கிடைத்திருக்கிறது, லத்தீனிலும் கிரேக்கத்திலும். அந்த ஊர் பத்து வண்டிகளையும் அதே எண்ணிக்கையில் கோவேறு கழுதைகளையும் எப்போதும் தயாராக வைத்திருக்க வேண்டும். நூற்றுவர் படைத்தலைவன் வந்தால் ஒரு வண்டி, இல்லையென்றால் மூன்று கோவேறு கழுதை, அதுவும் இல்லையென்றால் ஆறு கழுதை. குறிப்பிட்ட தூரத்துக்கு வண்டிக்கு 10 ஆஸ் (ரோமச் செப்புக் காசு), கோவேறு கழுதைக்கு 4, கழுதைக்கு 2 என்று கூலியும் உண்டு. லாபத்துக்காகத் தானியம் ஏற்றுகிறவனுக்கு எதுவும் கொடுக்க வேண்டாம் என்றும் ஒரு விதி. ஆளுநரின் ஆட்களுக்கும் சிப்பாய்களுக்கும் தங்க இடம் மட்டும் இலவசம். இவ்வளவு நுணுக்கமாக ஒருவர் விதி எழுதுகிறார் என்றால், அதற்கு முன் அங்கே என்ன நடந்துகொண்டிருந்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி எதுவும் வேண்டாம்.

இந்த ஏற்பாட்டை அமைத்தவர் முதல் பேரரசர் அகஸ்டஸ். உங்கள் நூலில் "சிறந்த அஞ்சல் முறையை ஏற்படுத்தினார்" என்று ஒரே வரியில் வருகிறதே, அதேதான். அந்த வரி பொய்யில்லை. தூதன் ஊருக்கு ஊர் வண்டி மாற்றி வேகமாகப் போனான், உண்மை. ஆனால் அந்த வண்டியும் கழுதையும் வழியில் இருந்த ஊர்களின் தலையில் விழுந்தது என்பது பாதி உண்மையாகக்கூட நூலில் இல்லை. சுவிசேஷத்தில் ஒருவன் உன்னை ஒரு மைல் வரும்படி பலவந்தம் பண்ணினால் இரண்டு மைல் போ என்று வருகிறதே, அது எந்த ஊர் நடைமுறை என்று நினைக்கிறீர்கள்? போகிற சிப்பாய், வழியில் நிற்பவனைப் பிடித்து மூட்டையைத் தூக்க வைக்கிற அதே காலம், அதே ஆட்சி. ஞாயிறு பள்ளிக்குப் போகிற பிள்ளைகளுக்குத் தெரிந்த விஷயம் வரலாற்று நூலில் இல்லை.

கி.பி. 97இல் பேரரசர் நெர்வா வெளியிட்ட ஒரு வெண்கல நாணயத்தின் படத்தைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். இரண்டு கோவேறு கழுதைகள் ஆளுக்கொரு பக்கம் திரும்பி நிம்மதியாக மேய்கின்றன. பின்னால் அவிழ்த்துவிட்ட வண்டி, ஏர்க்கால் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. இத்தாலிக்கு இந்த வண்டிச் சுமை நீக்கப்பட்டது என்று சுற்றிலும் எழுத்து. நன்றாகப் பாருங்கள், இத்தாலிக்குத்தான். மாகாணத்துக் கழுதைகள் மேயப் போகவில்லை. சுமை இல்லாத ஒன்றை நீக்கியதாக எந்த அரசும் நாணயம் அடித்துப் பெருமைப்படாது. ஆக, அது சுமைதான் என்று ரோம அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஒப்புக்கொள்ளாதது உங்கள் விடைக்குறிப்பு மட்டும்தான்.

நல்லவர்கள் என்று பெயரெடுத்தவர்களும் இதற்கு விலக்கில்லை. பேரரசர் டிராஜன் காலத்தில் பித்தினியா மாகாணத்தில் (இன்றைய துருக்கியின் வடமேற்கு) ஆளுநராக இருந்த இளைய பிளினி மிகவும் கறாரான ஆள். அரசு வண்டிக்கான அனுமதிச் சீட்டை அலுவல் தவிர வேறெதற்கும் யாருக்கும் கொடுத்ததில்லை என்று பேரரசருக்கே எழுதுகிறார். எழுதிவிட்டு, மனைவி கல்பூர்னியாவின் தாத்தா இறந்துபோனதால் அவளுக்கு மட்டும் ஒன்று கொடுத்துவிட்டேன் என்கிறார். டிராஜனும் பரவாயில்லை என்று பதில் போடுகிறார். மனிதாபிமானமான காரியம், எனக்கும் பிளினி மேல் கோபம் இல்லை. வழியில் வண்டி பூட்டியவன் வீட்டில் அன்று சாவு விழுந்திருந்தால் அவன் யாருக்கு எழுதியிருப்பான் என்பதுதான் என் மாணவர்கள் கேட்க வேண்டிய கேள்வி. அதைக் கேட்க நூலில் இடம் வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கி.பி. 212இல் பேரரசர் காரகல்லா பேரரசின் சுதந்திரக் குடிகள் ஏறக்குறைய எல்லோருக்கும் குடியுரிமை கொடுத்தார் என்பதை நீங்கள் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறீர்கள். நல்லது. ஸ்காப்டோபாரா மனுவைக் கொண்டுபோய்ச் சேர்த்த அந்த ஊர்ச் சிப்பாய் பிர்ரஸின் பெயருக்கு முன்னால் அவுரேலியஸ் என்று இருக்கிறது. காரகல்லாவின் ஆணையால் குடியுரிமை பெற்றவர்கள் ஏற்ற குடும்பப் பெயர் அது. 26 ஆண்டு கழித்து அந்தக் குடியுரிமையை வைத்துக்கொண்டு ஊர்க்காரர்களால் ஒரு சிப்பாயைக்கூட வாசலில் நிறுத்த முடியவில்லை. கட்டத்துக்குக் கீழே இதை ஒரு வரி போட்டால் பிள்ளைகளுக்குக் குடியுரிமை என்றால் என்ன என்று புரிந்துவிடும்.

ஆனால் புரிவதற்கு யார் மதிப்பெண் தருகிறார்கள்? ரோம் வளர்ந்ததற்கு ஐந்து காரணம், வீழ்ந்ததற்கு ஐந்து காரணம், அகஸ்டஸின் சாதனை ஐந்து, சாலையின் விளைவு ஐந்து. ஆறாவது காரணம் எதுவும் உலகத்தில் நடந்ததே இல்லை போலும். கெட்ட பேரரசர்கள் பட்டியலில் கொமோடஸ் பெயர் இருக்கிறது. கிளாடியேட்டராக, அதாவது மக்கள் வேடிக்கை பார்க்க ஆயுதத்தோடு சண்டையிடுபவராக, களத்தில் இறங்கினார் என்பதற்காக. ஆப்பிரிக்காவில் அரச பண்ணையில் உழைத்த குத்தகைக்காரர்கள், ஆண்டுக்கு ஆறு நாள் இலவச வேலைக்கு மேல் எங்களைப் பிழியக் கூடாது, சிப்பாய்களை விட்டு அடிக்கிறார்கள் என்று அதே கொமோடஸுக்கு எழுதியபோது, அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார் அவர். நல்ல மன்னன், கெட்ட மன்னன் என்று பிரித்துக் கோடு போட்டு வைத்திருக்கும் அட்டவணையில் இதை எங்கே நுழைப்பீர்கள்? சரி, இதைத் தனியாக ஒரு மடலில் வைத்துக்கொள்ளலாம். கோபத்தில் பேச்சு எங்கேயோ போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முசிறிக்கு வந்த யவனக் கப்பலையும் மிளகையும் பற்றி நீங்கள் போட்டிருக்கும் முக்கால் பக்கத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு அது பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். கொலோசியத்தின் படம் மூன்று இடத்தில் வருகிறதே, அதில் ஒன்றை எடுத்தால் போதும், இடம் கிடைத்துவிடும். கி.மு. 312இல் ரோமிலிருந்து தெற்கே போடத் தொடங்கிய ஆப்பியன் சாலையின் படமும் இருக்கட்டும். அதற்கு எதிர்ப்பக்கத்தில் ஸ்காப்டோபாரா மக்களின் மனு இருக்க வேண்டும்.

ஆகவே பணிவுடன் மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். மனுவைச் சுருக்கி, எட்டாம் வகுப்பு மாணவர் படிக்கும் அளவில் தமிழில் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். உங்கள் அச்சு அளவில் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். பேரரசரின் பதிலையும் சேர்த்திருக்கிறேன், அதை மட்டும் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள். மொழிநடையில் திருத்தம் இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள், என் பெயர் போட வேண்டியதில்லை. அடுத்த பதிப்பு அச்சுக்குப் போவதற்குள் இது பக்கத்தில் ஏற வேண்டும்.

கூடவே அந்த ஒரு மதிப்பெண். "சாலையோர ஊர்களின் மீது விழுந்த சுமை" என்பதையும் ஏற்கத்தக்க விடையாகச் சேர்த்து, திருத்திய விடைக்குறிப்பை அரையாண்டுத் தேர்வுக்கு முன் பள்ளிகளுக்கு அனுப்புங்கள். அந்த மாணவி மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். விண்ணப்பம் உங்களிடம்தான் இருக்கிறது. உரிய பிரிவுக்கு அனுப்பாமல் நீங்களே பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்தும் ஓர் ஆசிரியர்