ஒற்றை ஏர்க்காரனுக்கு என்ன அவசரம்?

வினாத்தாள் எடுக்கும் தமிழாசிரியர்களுக்கு வணக்கம்.

போன வாரம் என் மகள் தமிழ்த் தேர்வுத் தாளைக் கையெழுத்துக்கு நீட்டினாள். ‘செம்புலப் பெயல்நீர் போல’ என்பதில் அமைந்த அணியை விளக்குக என்று ஒரு கேள்வி, அதற்கு ஐந்துக்கு இரண்டு. செம்மண்ணில் விழுந்த மழை சிவந்துவிடும், அப்புறம் நீரையும் நிறத்தையும் பிரிக்க முடியாது, ஆனால் மாறுவது நீர் மட்டுமில்லை, மண்ணும் குழைந்துபோகிறது, அதனால் காதலர் இரண்டு பேருமே மாறிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாள். உவமானம், உவமேயம், உவம உருபு என்று பிரித்துக் காட்டாததால் மூன்று மதிப்பெண் போச்சு. திருத்தியவர் மேல் எனக்குக் கோபமில்லை. விடைக்குறிப்பில் என்ன இருக்கிறதோ அதைத்தானே அவர் பார்ப்பார்?

அந்த வரி வரும் குறுந்தொகையின் 40ஆம் பாட்டு மொத்தமே ஐந்து அடி. முதல் மூன்றும் கேள்விகள். என் தாயும் உன் தாயும் யாரோ, என் அப்பாவும் உன் அப்பாவும் எந்த முறையில் உறவு, நீயும் நானும் எப்படி அறிந்துகொண்டோம்? அதற்குப் பிறகுதான் மழை வருகிறது. எங்கோ திரண்ட மேகத்துக்கும் இங்கே கிடந்த மண்ணுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. முன்னால் உள்ள அடிகளை வெட்டிவிட்டு நாலாவதை மட்டும் தாளில் தொங்கவிட்டால், ‘போல’ உவம உருபு என்பதைத் தவிரப் பிள்ளை வேறென்ன எழுதும்? இத்தனைக்கும் அந்தப் புலவரின் சொந்தப் பெயர்கூட நமக்குத் தெரியாது. உவமைதான் மிஞ்சியது, அதனால் செம்புலப்பெயனீரார்.

அதே தொகையில் 131ஆம் பாட்டு, ஓரேருழவனார் பாடியது. இவருக்கும் உவமையே பெயர். காதலியின் ஊர் நெடுந்தூரத்தில் இருக்கிறது, போய்ச் சேரத் துடிக்கும் தன் நெஞ்சை ஒருவன் ‘ஈரம் பட்ட செவ்விப் பைம்புனத்து ஓரேர் உழவன்’, அதாவது ஈர நிலத்தில் ஒரே ஏர் வைத்திருக்கும் உழவன் என்கிறான்.

எங்கள் அப்பாவுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி, ஒரே சோடி மாடு. மழை விட்டதும் மண்ணை அள்ளி உள்ளங்கையில் பிடித்துப் பார்ப்பார். பிடி உருண்டையாக நிற்க வேண்டும், பெருவிரலால் தட்டினால் உதிர வேண்டும், அதுதான் பதம். கையில் ஒட்டினால் உழக்கூடாது, வெயிலில் காய்ந்து இறுகிவிட்டால் கொழு இறங்காது. நாலு ஏர் வைத்திருந்த பக்கத்துக் காட்டுக்காரர் காபி குடித்துவிட்டு மெதுவாக வருவார், அப்பாவோ விடியும் முன்பே ஏர் பூட்டியிருப்பார், அம்மா கொண்டுபோன கஞ்சி வரப்பில் அப்படியே கிடக்கும். ‘செவ்வி’ என்றால் அந்தப் பதம்தான். ‘ஓர்’ என்ற ஒரு சொல்லை எடுத்துவிட்டு வெறும் உழவன் என்று படித்துப் பாருங்கள், அவசரம் மொத்தமும் காணாமல் போய்விடும்.

தொல்காப்பியர் உவமையியலின் முதல் நூற்பாவிலேயே வினை, பயன், மெய் (வடிவம்), உரு (நிறம்) என்று உவமை பிறக்க நான்கு வழி சொல்கிறார். நம் வினாத்தாள்களோ கடைசி இரண்டிலேயே சுற்றிச் சுற்றி வருகின்றன: பல் முத்து, முகம் மலர், இடை கொடி. (மலர்முகம் உவமைத்தொகை, முகமலர் உருவகம், இதை எழுதி எழுதியே என் தலைமுறைக்கு விரல் தேய்ந்தது.) செம்புலம்கூடப் பார்க்க நிறமாகத்தான் தெரியும், பொருள் இருப்பது கலக்கிற வினையில்.

இலக்கணமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ‘பிறவிப் பெருங்கடல்’ குறளில் பிறவியைக் கடலாக்கிய வள்ளுவர் இறைவன் அடியைத் தெப்பம் என்று சொல்லாமல் விட்டார், ஆகவே ஏகதேச உருவகம். பிள்ளைகள் இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். சரி, ஏன் விட்டார்? அதைக் கேட்ட ஒரு தாளையும் நான் பார்த்ததில்லை.

அடுத்த முறை 131ஆம் பாட்டின் ஆறு அடியையும் முழுசாக அச்சடித்து, கீழே ஒரே கேள்வி போடுங்கள்: ‘பத்து ஏர் உழவன் என்று ஏன் சொல்லவில்லை?’ கிராமத்துப் பிள்ளைகள் கூடுதல் தாள் கேட்பார்கள், கொஞ்சம் அதிகமாகவே கட்டி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஐந்துக்கு இரண்டு வாங்கியவளின் அப்பா